சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர்: இடம் பார்ப்பதிலிருந்து ஒயர் இழுப்பது வரை

வீட்டில் குழந்தை தவழ ஆரம்பித்ததும் பலர் முதலில் செய்யும் காரியம், நல்ல ஸ்பீக்கரைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றுவது. அந்த இடத்துக்குக் கையடக்கமான ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வந்துவிடும். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. குழந்தைக்குக் காது பழகும் வயது அதுதான். தவிலின் தொப்பிப் பக்கத்து அடி வயிற்றில் வந்து மோதுவதும், தம்புரா அறை முழுக்க நிறைவதும் அந்தச் சின்ன டப்பாவில் வராது. நல்ல ஸ்பீக்கரும் சின்னக் குழந்தையும் ஒரே ஹாலில் தாராளமாக இருக்கலாம். அதற்குக் கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிது வேண்டாம், பழையது வாங்குங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் உள்ளே இல்லாத சாதாரண ஸ்பீக்கரில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் கிடையாது. ஒரு பெட்டி, கனத்த ஒலிக்கு ஒரு வூஃபர், மெல்லிய உச்ச ஒலிக்கு ஒரு ட்வீட்டர், உள்ளே சில கெபாசிட்டர், காயில், ரெசிஸ்டர். ஒழுங்காக வைத்துக்கொண்டால் இருபது வருடம் பாடும். பத்து வருடம் ஆன நல்ல ஜோடியைப் புதுவிலையில் பாதிக்கோ அதற்கும் குறைவாகவோ வாங்கலாம். அப்புறம், பெட்டியில் ஏற்கெனவே இரண்டு கீறல் இருந்தால் மூன்றாவது கீறல் விழும்போது குழந்தையைத் திட்டத் தோன்றாது. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அந்த நிம்மதிக்கு விலை இல்லை.

முதலில் இடம், பிறகுதான் ஸ்பீக்கர்

பெரும்பாலானவர்கள் பிராண்டைப் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பிக்கிறார்கள். குழந்தை உள்ள வீட்டில் அது தலைகீழான வழி. எங்கே வைக்கப் போகிறோம் என்பது முடிவானால், எதை வாங்க வேண்டும் என்பதில் முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும்.

நம் வீடுகளில் மூன்று இடம்தான் சாத்தியம்: தரை, ஸ்டாண்டு, சுவர் அலமாரி.

தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர் வேண்டாம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், பழையதில் மலிவாகவும் கிடைக்கும், ஏனென்றால் இடம் மாறிப் போகிறவர்கள் முதலில் விற்பது டவரைத்தான். ஆனால் மூன்றரை அடி உயரத்தில், எட்டு அங்குல அகலத்தில், இருபது கிலோ எடையில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வயதுக் குழந்தை எழுந்து நிற்கப் பார்க்கும். ஏற்கெனவே டவர் இருந்தால், தலைப்பகுதியின் பின்னால் எல் ஆங்கிள் போட்டுச் சுவரோடு இறுக்கிவிடுங்கள். அது முடியாதென்றால் குழந்தைக்கு ஐந்து ஆறு வயதாகும் வரை பரணே சரி.

ஸ்டாண்டு அதைவிட மோசம். பெட்டி பெரும்பாலும் மேல்தட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பந்து பட்டாலே போதும், பத்து கிலோ பெட்டி, குழந்தையின் தலை உயரத்திலிருந்து விழும். ஸ்டாண்டின் அடியில் இருக்கும் கூர்முனை ஆணிகளும் பிஞ்சுக் கால்களுக்கு ஆகாது.

மிச்சம் சுவர் அலமாரி. இங்கேதான் நம் ஊர் வீடுகளுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. கடப்பா கல் பதித்த பழைய அலமாரித் தட்டு ஸ்பீக்கர் வைப்பதற்கென்றே செய்ததுபோல் அமைந்துவிடும். கல்லும் சிமெண்டும் அதிராது. மரப்பலகைத் தட்டில் வரும் டொய்ங் என்ற அதிர்வு இதில் வராது. கதவு இல்லாத தட்டாகவோ, கதவைக் கழற்றிவிட்ட தட்டாகவோ இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வாங்கிய காசு வீண்.

உயரம் எவ்வளவு? மூன்று வயதுக் குழந்தை ஏறக்குறைய மூன்றேகால் அடி உயரம் இருக்கும், கையைத் தூக்கினால் நாலடி எட்டும். அதனால் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உள்ள தட்டு நல்லது. அதன் அடியில் சோஃபாவோ, பிளாஸ்டிக் நாற்காலியோ, பொம்மைப் பெட்டியோ இருக்கக் கூடாது. ஏறுவதற்குப் படி கிடைத்தால் உயரத்துக்கு அர்த்தமே இல்லை.

ட்வீட்டர் நம் காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சோஃபாவில் உட்கார்ந்தால் காது மூன்று, மூன்றரை அடியில் இருக்கும், ஸ்பீக்கரோ அதற்கும் மேலே. பெட்டியைத் தலைகீழாக வைத்தால் ட்வீட்டர் கீழே வந்துவிடும். பின்பக்க அடியில் கால் அங்குல ரப்பர் துண்டு கொடுத்து முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் குரல் நேராக நம்மிடம் வரும். சாய்க்கும்போது முன்பக்க அடியில் ப்ளூ-டேக் மாதிரி ஒட்டுப் பசைக்களிமண் வைத்து நகராமல் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். பெட்டியின் முன்விளிம்பு தட்டின் விளிம்பிலிருந்து அரை அங்குலமாவது உள்ளே தள்ளி இருக்கட்டும்.

டேப் எடுத்துத் தட்டின் ஆழம், உயரம், அகலம் மூன்றையும் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் ஆழத்தோடு ஒயர் மாட்டுவதற்கு இரண்டு அங்குலம் சேர்த்துத்தான் கணக்கு. பழைய அலமாரிகள் பலவும் ஓர் அடி ஆழம்தான் இருக்கும் என்பதால், பத்து அங்குலத்துக்கு மேல் ஆழமுள்ள பெட்டிகள் இந்த இடத்திலேயே பட்டியலை விட்டுப் போய்விடும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஐந்தாறு அடி இடைவெளி கிடைத்தால் சந்தோஷம். அலமாரி இல்லாத வீட்டில் சுவர் பிராக்கெட் போடலாம். ஸ்பீக்கரின் பின்னால் அதற்கான திருகு ஓட்டை இருந்தால் மட்டுமே, அதுவும் செங்கல் சுவரில் மட்டுமே.

எந்த மாதிரி ஸ்பீக்கர்

ஐந்து முதல் ஆறரை அங்குல வூஃபரும் ஓர் அங்குல ட்வீட்டரும் உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி. பத்துக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி ஹாலுக்கு இது தாராளம்.

அடுத்துப் பெட்டியில் இருக்கும் ஓட்டையைப் பாருங்கள். பாஸ் என்கிற கனத்த ஒலி கூடுதலாக வரப் பெரும்பாலான பெட்டிகளில் போர்ட் என்று ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அது பின்பக்கம் இருந்தால் மூன்று பக்கமும் சுவர் உள்ள அலமாரியில் பாஸ் கும்மென்று அடைத்துக்கொள்ளும். முன்பக்கம் இருந்தால் ஒலிக்கு நல்லது, ஆனால் எட்டும் உயரத்தில் வைத்தால் அது குழந்தைக்கு உண்டியல். காசு, கிரேயான், சாவி எல்லாம் உள்ளே போய்ச் சேரும். போர்ட்டே இல்லாத மூடிய பெட்டி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அமெரிக்காவில் எட்கர் வில்சுர் 1954-இல் ஏ.ஆர். (அக்கூஸ்டிக் ரிசர்ச்) நிறுவனத்தின் வழியாகப் பிரபலமாக்கிய முறை அது. பாஸ் சுத்தமாக இருக்கும், சுவரோரமாக வைத்தாலும் கெடாது. போர்ட் உள்ள பெட்டிதான் கிடைக்கிறது என்றால் ஸ்பாஞ்சை உருட்டி அடைத்துவிடலாம். கும்மல் குறையும், உண்டியலும் மூடப்படும். கியூ அக்கூஸ்டிக்ஸ் 3020i போன்ற சில மாடல்களுக்கு நிறுவனமே இந்த ஸ்பாஞ்சைக் கூடவே தந்தது.

ட்வீட்டரில்தான் குழந்தையின் விரல் முதலில் போய் நிற்கும். சின்னதாக, உருண்டையாக, பொத்தான் மாதிரி இருக்கிறதே, எந்தக் குழந்தைதான் அழுத்தாமல் விடும்? பட்டு அல்லது துணியால் ஆன சாஃப்ட் டோம் அழுந்தினால் பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடலாம். அலுமினியம், டைட்டானியம் டோம் மடிந்தால் மடிந்ததுதான். அந்த மடிப்பு கடைசிவரை போகாது. எனவே சாஃப்ட் டோம். நம் ஹால்களுக்கும் அதுதான் பொருந்தும். சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியை ஏற்கெனவே கூர்மையாக்கிவிடுகின்றன. உலோக ட்வீட்டரும் சேர்ந்தால் வயலினும் நாகஸ்வரமும் காதைக் குத்தும்.

ட்வீட்டருக்கு முன்னால் உலோக வலை நிரந்தரமாகப் பதித்த மாடல்கள் சில உண்டு. ஈலாக் டெபியூ வரிசை அப்படிப்பட்டது. சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு என் முதல் சிபாரிசு அதுதான். கேஇஎஃப் 1988-இல் கொண்டுவந்த யூனி-கியூ அமைப்பில் ட்வீட்டர் வூஃபரின் நட்டநடுவே உட்கார்ந்திருக்கும். குரல் பிரமாதமாக வரும், ஆனால் குழந்தையின் கண்ணுக்கு அது குறி வைத்த வட்டம். முகப்பை மூடும் கிரில் இல்லாமல் வாங்காதீர்கள். வார்ஃப்டேல் டைமண்ட் வரிசை நம் ஊரில் பழையதாக அடிக்கடி விற்பனைக்கு வரும், ஒலியில் மென்மையானது. கொல்கத்தாவின் சோனோடைன் பழைய மாடல்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல கனமான பெட்டிகள், பெயர் மோகம் இல்லாததால் விலையும் நியாயமாக இருக்கும்.

ஹோம் தியேட்டர் செட்டோடும் மினி மியூசிக் சிஸ்டத்தோடும் வந்த ஸ்பீக்கர்களைத் தனியாக வாங்காதீர்கள். பலவற்றின் மின்தடை 3, 4 ஓம்ஸில் இருக்கும், பிளக் வேறு மாதிரி இருக்கும், பெட்டியும் லேசு. 8 ஓம்ஸ் அல்லது 6 ஓம்ஸ், சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) 86 டெசிபலுக்கு மேல் என்று பார்த்தால் சின்ன ஆம்ப்ளிஃபையரே போதும். 86-க்கும் 89-க்கும் மூன்று டெசிபல்தானே என்று தோன்றும், ஆனால் அதே சத்தத்துக்கு 86-க்கு இரண்டு மடங்கு வாட் தேவை.

பணம், தேடல்

கையிலுள்ள தொகை முழுவதையும் ஸ்பீக்கரில் போடாதீர்கள். இருபதாயிரம் ரூபாய் வைத்திருந்தால் ஸ்பீக்கருக்குப் பத்து, பன்னிரண்டு. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையருக்கு ஆறு, ஏழு. மிச்சம் ஒயர், பிராக்கெட், சின்னப் பழுது. ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே இருந்தால் அந்தப் பங்கைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் உங்கள் ஊரில் மட்டும் தேடுங்கள். ஸ்பீக்கரை நேரில் கேட்காமல், முன்பணம் கட்டிப் பார்சலில் வரவழைக்க வேண்டாம். சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் பழைய செட் கிடைக்கும் என்றாலும், கடையின் இரைச்சலில் வைத்துத் தீர்மானிக்க முடியாது. வீட்டில் வைத்து விற்பவரிடம் வாங்குவதே மேல். "அண்ணே, எந்த ஆம்ப்ல ஓட்டினீங்க? ஸ்பீக்கர் எப்பவாவது கழட்டி வேலை பார்த்திருக்கா?" என்ற இரண்டு கேள்வியில் நிறையத் தெரிந்துவிடும். ரசித்து வைத்திருந்தவர் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்.

நேரில் பார்க்கும்போது

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள். டார்ச், மல்டிமீட்டர், உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நாலைந்து பாட்டு, இவை போதும்.

முதலில் கிரில்லைக் கழற்றச் சொல்லுங்கள். தயங்கினால் காரணம் இருக்கிறது என்று அர்த்தம். கழற்றியதும் வூஃபரைச் சுற்றி ஓடும் வளையத்தைப் பாருங்கள். அதுதான் சரவுண்ட். அது ரப்பரா, ஃபோமா? ரப்பர் என்றால் விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக, வளைந்து கொடுக்க வேண்டும். ஃபோம் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பத்து, இருபது வருடத்தில் உளுத்துவிடும். தொட்டால் பிசுபிசுக்கும், அல்லது பொடியாக உதிரும். உதிர்ந்த ஃபோமைத் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், அதனால் குழந்தை சின்னதாக இருக்கும் வரை ஃபோம் வேண்டாம் என்பதே என் கருத்து. மிக நல்ல ஸ்பீக்கர் மிக மலிவாகக் கிடைத்தால், வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே ஃபோமை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

பிறகு ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, நாலு விரலை வூஃபரின் கூம்பான கோனின் மேல் சமமாகப் பரப்பி, பூப்போல உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமே இல்லாமல் போய் வர வேண்டும். கர்ரென்று மணல் உரசுவதுபோல் கேட்டால் கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் உரசுகிறது. அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். ட்வீட்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப் பார்க்காதீர்கள்.

பெட்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். நம் ஊரில் மிக முக்கியமான சோதனை இதுதான். தினமும் மாப் போட்டுத் துடைக்கிற வீட்டில் தரையில் நின்ற பெட்டியின் அடிவிளிம்பு நனைந்த பிஸ்கட் போல் உப்பியிருக்கும். சென்னையில் வாங்கினால், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த வீடுகள் ஏராளம் என்பதை மனதில் வையுங்கள். பக்கவாட்டில் ஒரே உயரத்தில் மங்கலான கோடு, துருப்பிடித்த திருகு, ஒயர் மாட்டும் டெர்மினலில் பச்சைக் களிம்பு, பெட்டிக்குள்ளிருந்து ஈரப் பூஞ்சை வாடை, இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். போர்ட்டுக்குள் டார்ச் அடித்துக் கரையான் மண்ணும் பல்லி முட்டையும் இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே மஞ்சளாகக் கண்ணாடிப் பஞ்சு தெரிந்தால், அந்தப் போர்ட்டை வீட்டில் கட்டாயம் மூடியே வைக்க வேண்டும். அந்த இழை குழந்தையின் தோலில் பட்டால் அரிக்கும்.

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒயர் எதுவும் மாட்டாத டெர்மினலில் தொடுங்கள். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் ஐந்தரை முதல் ஏழு வரை காட்டும். இரண்டு பெட்டியும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். இது வூஃபரைப் பற்றி மட்டுமே சொல்லும், ட்வீட்டருக்குக் காதுதான் மீட்டர்.

அதனால் இனிப் பாட்டு. பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் திருப்பி, ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் காதுக்கும் ட்வீட்டருக்கும் நடுவே வைத்துக் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். ஜால்ரா, தவிலின் உருட்டுச் சொற்கள், பாடகரின் 'ஸ', 'ச' தெளிவாக வர வேண்டும். அதே பாட்டின் அதே இடத்தை வலப்பக்கமும் கேளுங்கள். ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் அந்த ட்வீட்டர் போய்விட்டது, அல்லது ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. அப்புறம் இரண்டையும் சேர்த்து மோனோவில் (இரண்டிலும் ஒரே ஒலி) ஒரு குரலை மட்டும் ஓடவிட்டு நடுவில் நில்லுங்கள். குரல் நேர் நடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவி, பாஸும் மெலிந்திருந்தால், பெரும்பாலும் ஒரு பெட்டியின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கடைசியாக மிருதங்கமோ தவிலோ உள்ள பகுதியைக் கொஞ்சம் சத்தமாக வைத்து, பெட்டி எங்காவது ஜிர்ரென்று இரைகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

பின்பக்கம் சீரியல் எண்கள் அடுத்தடுத்து இருந்தால் இரண்டும் பிறவி ஜோடி. கிரில்லின் நாலு மூலை முளைகளும் உடையாமல் இருக்க வேண்டும். கிரில் இல்லாத ஜோடிக்கு, அது எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும், குழந்தை உள்ளவர்கள் விலையைக் குறைத்தே கேட்க வேண்டும், ஏனென்றால் தனியாக ஒன்று செய்து மாட்டியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும்

கிரில் துணியைச் சட்டத்தோடு வேக்யூமில் உறிஞ்சிவிட்டு, பெட்டியைப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து ஒரு நாள் நிழலில் வையுங்கள். பின்னால் டெர்மினல் துவாரங்களில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் அடைப்பான்கள், ஒட்டு விட்டுப்போன ரப்பர் கால்கள், ஆடுகிற கிரில் முளைகள் மூன்றையும் தேடி எடுத்துவிடுங்கள். மூன்றும் குழந்தையின் தொண்டையில் சிக்குகிற அளவு.

ஒயர் தொங்கக் கூடாது. ஸ்பீக்கர் ஒயரில் ஓடும் மின்சாரத்தைவிட, ஒயரைப் பிடித்து இழுத்தால் பெட்டி வந்து விழும் என்பதுதான் பயம். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. சுவர் மூலையோடு பிவிசி கேசிங் பட்டை அடித்து, அதற்குள் ஒயரை விட்டு மூடிவிடுங்கள். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு ஒயர் ஐந்தாறு மீட்டர் தூரத்துக்குப் போதும். செம்புப் பூச்சுப் பூசிய அலுமினிய ஒயர் மட்டும் வேண்டாம்.

ஆம்ப்ளிஃபையர்தான் உண்மையில் ஆபத்தான பொருள், 230 வோல்ட் வருவது அங்கேதான். அதன் மேலே இருக்கும் காற்றுத் துளைகளில் பின்னோ ஸ்பூனோ போகக் கூடாது. அதையும் ஸ்பீக்கர் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள், அதன் தலைக்கு மேல் நாலு அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். உயரத்தில் வைப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. எல்லாக் குழந்தைக்கும் பிடித்தது வால்யூம் திருகு. அணைத்திருக்கும்போது அதை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டுப் போனால், அடுத்து நீங்கள் ஆன் செய்யும் நொடியில் ட்வீட்டர் கருகலாம், தூங்கும் குழந்தையும் வீறிட்டு அழும். ஹோம் தியேட்டருக்கான பல ஏவி ரிசீவர்களில் அதிகபட்ச வால்யூமையும், ஆன் ஆகும்போது இருக்க வேண்டிய வால்யூமையும் நாமே நிர்ணயிக்கும் வசதி உண்டு. முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

சத்தம் எவ்வளவு வைக்கலாம்? ஹெட்போன் மாதிரிக் கருவிகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த அளவு, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. மூன்று டெசிபல் கூடினால் அனுமதிக்கும் நேரம் பாதியாகிவிடும். ஹாலுக்கும் அதையே அளவாகக் கொள்வது நல்லது. போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, குழந்தை உட்காரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். 70-ஐ ஒட்டி இருந்தால் பாட்டும் நிறைவாகக் கேட்கும், பக்கத்தில் பேசுவதும் காதில் விழும். தரையில் ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, இவை இருந்தால் குறைந்த சத்தத்திலேயே தெளிவு வந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு விரல் பட்டுவிட்டால்

சாஃப்ட் டோம் உள்ளே அழுந்தியிருந்தால் முதலில் செல்லோடேப்பை லேசாக ஒட்டி நேராக வெளியே இழுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் வேக்யூம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து, குழாய் வாயை டோமில் தொடாமல் மெல்ல அருகே கொண்டு போனால் டப்பென்று எழும்பிவிடும். வூஃபரின் நடு மூடி அழுந்தினாலும் இதே வைத்தியம்தான், அழுந்தியதால் ஒலி பெரிதாகக் கெடுவதும் இல்லை. கோன் கிழிந்தாலோ சரவுண்ட் பிய்ந்தாலோ பெரிய சர்வீஸ் சென்டரைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவரிடம், ஸ்பீக்கர் ரீகோன் (கோன் மாற்றும் வேலை) யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். நல்ல கைகாரர் ஒருவர் நிச்சயம் இருப்பார். ஹை-ஃபை வூஃபர் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி, மைக் செட்டுக்குப் போடுகிற விறைப்பான கோன் வேண்டாம், இருக்கிற கோனையே வைத்துக்கொண்டு சரவுண்டை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.